மஸ்துராவின் மஞ்சள் வில்லை

“எத்தனைன்னு காட்டுது?” என்று கேட்டார் காக் மஸ்.

“ஒன்னு, காக்.”

“நல்லாப் பாரு. பூஜ்யமா இருக்கும்.”

“இல்ல. ஒன்னுதான்.”

“அடுத்த வரி?”

“அதுவும் ஒன்னு.”

காக் என்றால் மலாயில் அக்கா. அவரும் நானும் பாயான் லெப்பாஸில் எங்கள் அலுவலக உணவுக்கூடத்தில் உட்கார்ந்து என் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். கூலிமில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அன்று காலை வந்தது. ஒரு கறுப்புத் திரை. பத்து வினாடிக்கு ஒரு முறை அதில் ஒரே வரி வந்து விழும். நெட்வொர்க் கார்டு விடுபடக் காத்திருக்கிறேன், பிடித்திருப்பவர் எண்ணிக்கை ஒன்று.

“எவ்வளவு நேரம் ஓடும் இது?”

“நாலு நிமிஷம்.”

“கடைசி வரைக்கும் ஓட விடு.”

எதிரில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த செர்ன் வெய் எட்டிப் பார்த்தான். அவனும் எங்கள் குழுதான். “காக், கடைசில கல்யாணம்லாம் நடக்காது. ஒன்னுதான் வரும்.”

“நீ தலையக் குனிஞ்சு தின்னு.”

“சும்மா சொன்னேன் லா.”

வீடியோ முடியும் இடத்தில் ஒரு கை படத்துக்குள் வந்தது. மின் இணைப்பைப் பிடுங்கியது. திரை அணைந்தது. காக் மஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“தினமும் இப்படித்தான் புடுங்கறாங்களா?”

“அப்படித்தான் எழுதியிருக்காங்க. சாயங்காலம் லைன நிறுத்தும்போதெல்லாம் மாட்டிக்குதாம்.”

“யாரோ எடுத்திருக்காங்க, திருப்பி வைக்கல.”

“ஆமா, காக்.”

“நானாத்தான் இருக்கும்.”

“கோட இன்னும் திறந்தே பார்க்கலையே.”

“எதுக்குப் பார்க்கணும்? அதுல பத்து வரிக்கு எட்டு வரி நான் எழுதுனது.” பிரித்து வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தை மறுபடி மடித்தார். ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று சுற்றினார்.

“சாப்பிட்டுப் போங்க.”

“அப்புறம், அடேக்,” என்றார். அடேக் என்றால் தங்கை.

அது 2018 ஆகஸ்ட், ஒரு திங்கட்கிழமை. காக் மஸ் என்று நாங்கள் கூப்பிடும் மஸ்துரா பிந்தி யூசோப்புக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பள்ளி முடித்த கையோடு வேறொரு தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வரிசையாக வரும் பலகைகளில் சில்லு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வார இறுதிகளில் பாலிடெக்னிக்கில் படித்தார். டிப்ளமோ வாங்கியபோது முதல் பெண் இர்டினா வயிற்றில் இருந்தாள். பிறகு எங்கள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவுக்கு வந்தார். பிழைகளை எழுதித் தருபவர் திருத்தத்தையும் சேர்த்தே எழுதித் தர ஆரம்பித்ததால், மூன்றாம் ஆண்டில் எங்கள் குழுவுக்கு மாற்றினார்கள்.

எங்கள் வேலை கணினியின் உள்ளே நடப்பது. திரையில் தெரியும் எதற்கும் அடியில், கெர்னல் என்று ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளிருந்து நெட்வொர்க் கார்டைத் தொட்டுப் பேசும் நிரல்களை எழுதுகிறோம். அங்கே ஒரு முறை உண்டு. ஒரு கார்டு வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கெர்னல் அதைக் கையில் கொடுத்துவிட்டு, ஒருவர் பிடித்திருக்கிறார் என்று எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும், ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அந்தக் கார்டை யாராலும் கழற்ற முடியாது, கணினியும் முழுதாக அணையாது. எடுத்தவர் வைக்க மறந்தால் கெர்னல் அதட்டாது, தேடாது. பத்து வினாடிக்கு ஒரு முறை அந்த வரியை எழுதிவிட்டுக் காத்திருக்கும், எவ்வளவு நேரமானாலும்.

எங்கள் லேப்பிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம் இருந்தது. சோதனை எந்திரங்கள் பன்னிரண்டு. சுவரில் பன்னிரண்டு கொக்கி. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. ஏழாம் எந்திரத்தை எடுத்தால் ஏழாம் கொக்கியில் உங்கள் வில்லையை மாட்ட வேண்டும். மாட்டியிருக்கும்வரை வேறு யாரும் அந்த எந்திரத்தை அணைக்கக் கூடாது, கேபிளைத் தொடக் கூடாது. யாரோ ஒருவருடைய மூன்று நாள் சோதனையை இன்னொருவர் தெரியாமல் அணைத்துவிட்டதிலிருந்து வந்த கட்டுப்பாடு. அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

காக் மஸ் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. மாலையில் லேப்பை விட்டுக் கிளம்பும்போது கொக்கிகளை வாசலில் நின்று ஒரு முறை பார்ப்பார். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பார். அவர் வீடு எங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெர்மாத்தாங் பாவில். மழையானாலும் மோட்டார் சைக்கிள்தான். பாலத்தின் நடுவில் காற்று தள்ளும் என்பதால் இடது ஓரமாகவே ஓட்டுவாராம். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புவார்: “அஞ்சாம் மெஷின்ல என்னோடது இல்லதானே?” இருக்காது. நான் இல்லை என்று பதில் போட்ட பிறகுதான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவார் என்று அவருடைய கணவர் அஸ்ஹாரி ஒரு விருந்தில் சொன்னார்.

அந்த வாரம் பயப்படக் காரணம் இருந்தது. குழுவில் பதினொரு பேர் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். மாத முடிவில் ஒன்பது பேருக்குத்தான் புதுப்பிப்பு. வெள்ளிக்கிழமை பட்டியல் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். திங்கள் மாலை எங்கள் மேலாளர் யாப் எல்லோரையும் கூப்பிட்டார்.

“வியாழன் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ரெண்டு விஷயம் வேணும். எதனால, யாரால. கூலிம்காரங்க மேலிடத்துக்கே எழுதிட்டாங்க. அறிக்கைல பேர் இல்லாம அனுப்ப முடியாது.”

“பேர் எதுக்கு பாஸ்? மாலை போடவா?” என்றான் செர்ன் வெய்.

“உன் பேர் இருந்தா போடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். காக் மஸ் குறிப்பேட்டில் ‘வியாழன்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

செவ்வாய் முழுதும் அவர் தன்னுடைய நிரலையே படித்தார். எடுக்கிற இடம் ஒவ்வொன்றுக்கும் வைக்கிற இடம் எங்கே என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு இணைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது அவருக்கு நிம்மதியாக இல்லை. ஏழாம் எந்திரத்தில் வில்லையை மாட்டி, கட்டளையால் கார்டைக் கெர்னலிலிருந்து இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். நூற்று நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் பூஜ்யம். எங்களிடம் வரவே வராத வரி அங்கே மட்டும் தினமும் வருகிறது.

“வீட்டுல இர்டினா கேக்கறா, ஏம்மா சோத்த எண்ணி எண்ணிச் சாப்பிடறேன்னு,” என்றார் புதன் காலையில். “எனக்கே தெரியல அடேக். எதப் பார்த்தாலும் எண்ணிட்டிருக்கேன்.”

“உங்களோடதா இருந்தாலும் இது எல்லாரும் பண்ற தப்புதானே காக்.”

“எல்லாரும் பண்ணலாம். எல்லாருக்கும் டிகிரி இருக்கு. யாப்புக்கு முன்னாடி இருந்த மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு டெமோவுல கேபிள் லூசா இருந்து எல்லாம் நின்னு போச்சு. வந்தவங்க முன்னாலயே, ‘ஆபரேட்டர் கை, கேபிளக்கூட ஒழுங்கா சொருகத் தெரியல’ன்னாரு. சொருகுனது அவரு.”

“நீங்க சொல்லலையா?”

“சொன்னா மட்டும்?”

எனக்கு அன்று பிற்பகல் தொழிற்சாலையோடு தொலைபேசியில் பேசும் வேலை வந்தது. தெரியாதவர்களோடு தொலைபேசியில் பேசுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எடுத்தவர் சுல்கிஃப்லி என்ற பராமரிப்பு ஆள். பின்னால் ஏதோ பலமாக இரைந்துகொண்டிருந்தது.

“மறுபடியும் கேள்வியா? மெயில்லயே எல்லாம் எழுதிட்டேனே மிஸ்.”

“நிறுத்தறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணுவீங்கன்னு ஒவ்வொன்னா சொல்லுங்க.”

“என்ன பண்ணுவோம்? லைன நிப்பாட்டுவோம். கழுவுவோம். கம்ப்யூட்டர அணைப்போம். அது அணையாது. உங்களத் திட்டுவோம். ப்ளக்கப் புடுங்குவோம். வீட்டுக்குப் போவோம்.”

“கழுவறதுன்னா?”

“சோப்புத் தண்ணி அடிக்கிறதுதான். அந்தப் பொட்டி பக்கத்துலயே இருக்கு. நெட்வொர்க் கேபிளக் கழட்டிட்டு, ஓட்டைய மூடிட்டு அடிப்போம். அப்புறம் மாட்டிடுவோம்.”

“தினமும் கேபிளக் கழட்டுவீங்களா? கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும்போதா?”

“பின்ன? உங்க லேப்புல தண்ணி அடிக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

நான் லேப்புக்கு வந்து பன்னிரண்டு எந்திரங்களையும் பார்த்தேன். எல்லாக் கேபிளும் மாட்டியபடி இருந்தன. வருடக்கணக்காக அப்படியே. எங்கள் கட்டுப்பாடு அப்படி. இன்னொருவர் வில்லை தொங்கும்போது கேபிளில் கை வைக்க மாட்டோம், எப்போதும் யாருடைய வில்லையாவது தொங்கிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தில் கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததேயில்லை.

ஏழாம் எந்திரத்தில் காக் மஸ்ஸின் வில்லை. அவர் தொழுகை அறைக்குப் போயிருந்தார். வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். வந்ததும் சுல்கிஃப்லி சொன்னதைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த ஈரத்தை தலைத்துணியின் நுனியால் ஒற்றிக்கொண்டே கேட்டார். எல்லாம் சொல்லி முடித்தபின் எந்திரத்தின் பின்பக்கம் குனிந்து கேபிளைக் காட்டினார்.

“இழு,” என்றார்.

“நீங்களே இழுங்களேன். உங்க வில்லை.”

“நான் திரையப் பார்க்கணும். நான் சொல்றேன்ல, இழு.”

இழுத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. திரும்பச் சொருகினேன், எரிந்தது. பிறகு அவர் கார்டை இறக்கும் கட்டளையைத் தட்டினார். பத்து வினாடி ஒன்றும் இல்லை. பிறகு அந்த வரி வந்தது. எண்ணிக்கை ஒன்று.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேபிள் பிடுங்கப்பட்டால் கெர்னல் எங்கள் நிரலுக்குச் செய்தி சொல்லும். உடனே எங்கள் நிரல் கார்டைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும், நிலையைக் குறித்துக்கொள்ளும், திருப்பி வைக்கும். முதலில் எழுதியபோது அவ்வளவுதான் இருந்தது. போன ஆண்டு மார்ச்சில் நடுவில் இரண்டு வரி சேர்ந்திருந்தது: கேபிள் இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் தொடாமல் அங்கிருந்தே திரும்பிவிடு. வாங்கியதற்கும் வைப்பதற்கும் நடுவில் அந்த இரண்டு வரி. திரும்பிப் போகும்போது கையில் கார்டோடு போய்விடுகிறது.

ஏன் சேர்த்தோம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவோம். அதில், ‘தேவையில்லாமல் இருக்கலாம்; பாதுகாப்புக்காக’ என்று இருந்தது. கீழே எழுதியவர் பெயர், மஸ்துரா யூசோப். அதற்கும் கீழே, படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவர் பெயர். என்னுடையது.

“இது நான்கூடப் பார்த்தேன் காக்.”

“தெரியும்.”

“நானும் கவனிக்கல.”

“கவனிக்க வேண்டியது நீ இல்ல. அந்த லூஸ் கேபிளுக்கு அப்புறம் போட்டது இது. இனிமே கேபிள் லூசானாகூட நம்ம கோட் நிக்கக் கூடாதுன்னு போட்டேன்.” சிரிக்கப் பார்த்தார். “நல்லாத்தான் பாதுகாத்திருக்கேன்.”

வியாழன் காலை நான் திருத்தத்தை எழுதினேன். ஒரே ஒரு வரி: திரும்புவதற்கு முன் கார்டை வைத்துவிட்டுத் திரும்பு. கெர்னல் உலகத்துக்கே பொதுவானது என்பதால், இப்படிப்பட்ட திருத்தம் உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் படிக்கும் ஒரு மின்னஞ்சல் குழுவுக்குப் போகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது என்று அதன் எண்ணையும் தலைப்பையும் குறிப்பில் ஒரு வரியாகப் போட வேண்டும். அந்த எண்ணைத் தட்டினால் எழுதியவர் பெயரும் தேதியும் வந்து நிற்கும். சிலர் போடாமல் விடுவதும் உண்டு. நான் போடவில்லை. யாப்புக்குத் தர வேண்டிய அறிக்கையிலும் ‘நீண்ட காலமாக இருந்த பிழை’ என்று மட்டும் எழுதி இரண்டையும் காக் மஸ்ஸிடம் காட்டினேன். பட்டியலுக்கு ஒரு நாள் இருந்தது.

அவர் இரண்டு முறை படித்தார்.

“அந்த வரி எங்க?”

“விட்டுட்டேன்.”

“ஏன்?”

நான் அறிக்கைப் பக்கத்தை மூடப் போனேன்.

“அடேக், கூலிம்ல ஓடறது புது கெர்னலா?”

“இல்ல. ஒரு வருஷப் பழசு.”

“பழச வச்சிருக்கறவங்களுக்குத் திருத்தம் அனுப்பறவங்க எதப் பார்த்து அனுப்புவாங்க?”

“அந்த வரியப் பார்த்துத்தான்.”

“அது இல்லன்னா?”

“புதுசுக்கு மட்டும் போகும்.”

“அப்ப அந்த ஆளு தினமும் ப்ளக்கப் புடுங்கிட்டே இருக்கணுமா, என் பேரு தெரியக் கூடாதுன்னு?”

“வெள்ளிக்கிழமை கழிச்சு அனுப்பலாமே காக். ரெண்டு நாள்தானே.”

அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார். விரல்கள் மேசை விளிம்பில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. பிறகு என் நாற்காலியை லேசாகத் தள்ளிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார்.

“அஸ்ஹாரிகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், இந்த மாசம்தான் கடைசின்னு. சொல்லிட்டா கொஞ்சம் லேசா இருக்கு. நான் அனுப்பறேன். என் தப்ப நானே திருத்துனதா இருக்கட்டும். நீ பக்கத்துல இரு, பேசாம.”

எனக்குப் பேசாமல் இருப்பது சிரமமில்லை. அந்த வரியைச் சேர்த்தார். எண்ணை மூன்று முறை ஒப்பிட்டார். அனுப்பும் விசையின் மேல் விரலை வைத்தபடி எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. செர்ன் வெய் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பி வந்துவிட்டான். பிறகு அழுத்தினார். யாப்புக்கான அறிக்கையிலும் தன் பெயரை அவரே எழுதினார்.

மாலைக்குள் ஐரோப்பாவிலிருந்து யாரோ பதில் போட்டிருந்தார். ஏற்றுக்கொண்டோம், நன்றி, அவ்வளவுதான். அங்கே அது ஒரு செய்தியே இல்லை. அதே பக்கத்தில் அன்று இன்னும் முப்பது பேருடைய பிழைகள் இருந்தன.

நான் யாப்பிடம் போய், அந்த மாற்றத்தைச் சரி என்று சொன்னது நான்தான் என்றேன். “பார்த்தேன்,” என்றார். “நீ நிரந்தரம். போய் வேலையப் பாரு.” வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. ஹஜ்ஜுப் பெருநாள் அடுத்த வாரம் வந்ததால், பெருநாளுக்கு முன் சொல்ல வேண்டாம் என்று யாப் முடிவை நிறுத்தி வைத்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். காக் மஸ் பெருநாள் முழுக்கத் தெரியாமலே இருந்தார். கறி எடுத்து வைத்திருக்கிறேன், வா என்று கூப்பிட்டார், போனேன். வாசலில் யாருடைய கைப்பேசி ஒலித்தாலும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பெருநாளுக்கு மறுநாள் சொன்னார்கள். புதுப்பிப்பு இல்லை. காரணம் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. இந்தப் பிழை இல்லாதிருந்தால் அவர் பெயர் அந்த ஒன்பதில் இருந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாப்பிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பரில் சுல்கிஃப்லி இன்னொரு வீடியோ அனுப்பினார். கழுவி முடித்த எந்திரம், ஈரத் தரை, கறுப்புத் திரை. வரி எதுவும் வராமல் திரை தானாக அணைந்தது. பதினோரு வினாடி. அதைக் காக் மஸ்ஸுக்கு அனுப்பினேன். ‘நாலு தடவ பார்த்தேன், எங்கயும் நிக்கல’ என்று பதில் வந்தது. அப்போது அவர் செபராங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தார்.

அவருக்கு இங்கே கடைசி நாள் ஆகஸ்ட் முப்பது. மறுநாள் சுதந்திர நாள் விடுமுறை என்பதால் எல்லோரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அவரும் மூன்று மணிக்கே ஒரு பையும் ஒரு பூச்சட்டியுமாகப் போய்விட்டார். கட்டிப்பிடித்தார், நான் பூச்சட்டியை லிஃப்ட் வரை தூக்கிப் போனேன். கடைசி வாரம் முழுதும், அதே மாதிரி ‘பாதுகாப்புக்காக’ வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறோம் என்று தேடி, மூன்று இடம் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் ஏழாம் எந்திரத்தில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துத் திருத்தியிருந்தார்.

நான்கு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. பின்னால் லாரிகளின் சத்தம். பாலம் தாண்டியதும் உள்ள பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்.

“அடேக், லேப்புலதான் இருக்கியா?”

“ஆமா, காக்.”

“ஏழாம் கொக்கியப் பாரு.”

பார்த்தேன். மஞ்சள் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

“இருக்கா?”

“இருக்கு.”

“பாதிப் பாலத்துல ஞாபகம் வந்துச்சு. அங்க நிப்பாட்ட முடியாதே.” மூச்சு வாங்கினார். “நான் இனிமே உள்ள வர முடியாது, ஆபீஸ் அடையாளக் கார்ட வாங்கிக்கிட்டாங்க. அது தொங்கற வரைக்கும் அந்த மெஷின யாரும் தொட மாட்டாங்க. நீ கழட்டிடு. ஆனா அதுக்கு முன்னாடி திரையில எத்தனைன்னு பாரு. பூஜ்யமா இருந்தா மட்டும் கழட்டு.”